ஒரே அண்டாவில் குடித்தவர்கள்

கருவேலங்கரையில் மனிதர்கள் வெயிலுக்குச் சாவதும் அரிவாளுக்குச் சாவதும் ஏறக்குறையச் சமமாக இருந்த காலத்தில், வடகரைக் கூட்டத்துக்கும் தென்கரைக் கூட்டத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு வழக்கம்தான் இருந்தது: எதிராளி வீட்டில் கை நனைப்பதில்லை. கல்யாணப் பந்தியானாலும் சரி, இழவு வீட்டுத் தண்ணீரானாலும் சரி, ஒரு வாய் உள்ளே போய்விட்டால் அந்த வீட்டுக்காரன் மேல் அரிவாளை ஓங்கும் உரிமை போய்விடும் என்று இரண்டு கூட்டமும் நம்பியது, அந்த உரிமையை விட்டுக்கொடுக்க அங்கே ஒருவருக்கும் மனசு வரவில்லை. கண்மாயின் இந்தக் கரையில் பாதி வீடுகள், அந்தக் கரையில் பாதி வீடுகள், நடுவில் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடக்கும் கண்மாய். சண்டை எதற்கு ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருவர் மீன் ஏலம் என்பார், இன்னொருவர் மாரியம்மன் கோயில் முதல் மரியாதை என்பார், மூன்றாமவர் பதில் சொல்லாமல் கேட்டவனையே ஏற இறங்கப் பார்ப்பார். காரணம் மறந்து போன சண்டையை நிறுத்துவது பெரும்பாடு, எதைக் கொடுத்து நிறுத்துவது என்றே தெரியாது.

அப்படியும் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தார்கள். பெரிய அதிகாரிகள் வந்து இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்து, சமாதானத்துக்கு அடையாளமாக ஒரு கல்யாணம் செய்யுங்கள் என்றார்கள். தென்கரை முனீஸ்வரியைக் கொடுத்தது. வடகரைத் தலைக்கட்டு சோலைமலையின் தம்பி காத்தமுத்து அவளுக்குத் தாலி கட்டினான். அவளிடம் சம்மதம் கேட்டார்களா என்று கேட்காதீர்கள், சமாதானம் பேசும்போது அந்த மாதிரிச் சில்லறை விஷயங்களுக்கு நேரம் இருப்பதில்லை. சீராக ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. தென்கரையின் குளிர்ச்சி வடகரையின் வாய்க்குள் போகக் கூடாது என்று அதில் ஒரு கத்தரிக்காயைக்கூட வடகரையில் யாரும் வைக்கவில்லை. தாலிக்கயிற்றில் மஞ்சள் வெளுப்பதற்குள் முனீஸ்வரியின் உடன்பிறந்த அண்ணன் பூமிநாதன், சோலைமலையின் ஒரே மகன் வைரமணியைப் பட்டப்பகலில் களத்துமேட்டில் வைத்து வெட்டிப் போட்டான். சமாதானம் அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு முனீஸ்வரிக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வருஷத் திதி முடியும் வரை வடகரை அரிவாளைத் தொடாது, அது அவர்கள் கட்டுப்பாடு. திதி முடிந்ததும் அண்ணனை வெட்டுவார்கள். அடுத்த முறை தென்கரையுடையது, அவர்கள் புருஷனை வெட்டுவார்கள், ஏனென்றால் சோலைமலைக்கு இனி வலிக்கிற மாதிரி மிச்சம் இருப்பது தம்பி ஒருவன்தான். அண்ணன் விழுந்தால் புருஷன் விழுவான், இரண்டு பிணத்துக்கும் தான் ஒருத்தியே மாரடிக்க வேண்டும் என்று அவள் அடுப்படியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருப்பாள். அடுத்த வீட்டில் இருந்த மூத்த ஓரகத்தி, சோலைமலையின் மனைவி பேச்சியம்மாள், மகன் போன நாளிலிருந்து அவளோடு ஒரு சொல் பேசவில்லை.

முனீஸ்வரியிடம் ஒரு கைப்பக்குவம் உண்டென்றால் அது டீ, அதிலும் குளிர்ந்த டீ. தண்ணீர் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் தூளைப் போடுவாள், தூளோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் டீ கசந்து பழி வாங்கிவிடும்; ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு மூடி வைப்பாள், அது துவர்ப்பை அடக்கும்; நிறம் இறங்கியதும் துணியில் ஊற்றித் தானாக வடியவிடுவாள், பிழிந்தால் அடியில் இருக்கும் கடுப்பெல்லாம் மேலே வந்துவிடும்; சூடு இருக்கும்போதே சர்க்கரையைக் கொட்டிக் கரைப்பாள், ஆறின டீயில் போட்ட சர்க்கரை அடியில் உட்கார்ந்துகொண்டு அசையாது; பிறகு தானாக ஆறும் வரை ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டு போக மாட்டாள், சூட்டோடு குளிர வைத்தால் டீ கலங்கிப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் தண்ணீர் ஐஸ் போட மாட்டாள். அதே டீயை வார்த்துக் கட்டியாக்கித்தான் போடுவாள், அது கரையக் கரைய டீ இன்னும் டீயாகவே இருக்கும். கடைசியில் எலுமிச்சையும் நாலு புதினா இலையும். இவ்வளவும் செய்து அவள் ஒருத்தியே குடிப்பாள். காத்தமுத்து எட்டி நின்று கண்ணாடித் தம்ளரில் வேர்ப்பதைப் பார்ப்பான், எச்சில் விழுங்குவான், அண்ணனை நினைத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

திதி முடிந்து வந்த முதல் சித்திரையில் மாரியம்மன் திருவிழா. அந்த வருஷ வெயிலைப் பற்றி என்ன சொல்ல, காக்காய் பறந்துகொண்டே செத்து விழுந்தது, தீச்சட்டி எடுத்தவர்கள் சட்டி சுடவில்லை, தரைதான் சுடுகிறது என்றார்கள். வரவேண்டிய தண்ணீர் லாரி வரவில்லை. இரண்டு கூட்டமும் கோயில் வாசலில் ஆளுக்கொரு பக்கமாக நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே மயங்கி மயங்கி விழுந்தார்கள். அப்போதுதான் முனீஸ்வரி பித்தளை அண்டாவை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். டீக்கட்டிகளை அவள் பல நாளாக மற்றவர்கள் தீண்டாத அந்த ஃப்ரிட்ஜில் சேர்த்து வைத்திருந்தாள். தன் கையால் இரண்டு கூட்டமும் குடித்துவிட்டால், வழக்கப்படி யாரும் யார் மேலும் கை ஓங்க முடியாது என்பது அவள் கணக்கு.

ஒருவரும் நகரவில்லை. அண்டாவின் வெளிப்புறத்தில் வேர்த்து வழிந்த தண்ணீரை எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பூசாரிதான் முதலில் தாங்க முடியாமல் முன்னால் வந்தார்.

"அம்மன் எல்லைக்குள்ள ஊத்துறது அம்மன் ஊத்துறது. இதுல வடகரை தென்கரை எங்கிருந்து வந்துச்சு? எனக்கு மொதல்ல ஒரு செம்பு குடு தாயி."

அவர் குடித்ததுதான் தாமதம், ஊரே வந்து மொய்த்துவிட்டது. வடகரை குடித்தது, தென்கரை குடித்தது, பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் குடித்தார்கள், இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குடித்தார், நர்ஸம்மா குடித்தாள், மேளக்காரர்கள் மேளத்தை இறக்காமலே குடித்தார்கள், தாய்மார்கள் கைக்குழந்தைகளின் உதட்டில் முந்தானை நுனியால் தொட்டு வைத்தார்கள், ஜாமீனில் வந்திருந்த பூமிநாதன் இரண்டு தம்ளர் குடித்தான், பேச்சியம்மாள் யார் கையில் வாங்குகிறோம் என்று பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், சோலைமலை குடித்துவிட்டு "சக்கரை கொஞ்சம் தூக்கல்" என்று காற்றைப் பார்த்துச் சொல்லித் தம்ளரைக் கவிழ்த்தார். ஊற்றுகிறவள் கடைசியில்தான் குடிக்க வேண்டும் என்பது அங்கே முறை. முனீஸ்வரியின் முறை வந்தபோது அண்டாவில் ஒரு எலுமிச்சை விதை மட்டும் இருந்தது.

அவள் கணக்கு அங்கேதான் தப்பியது. அம்மன் ஊற்றியதாகச் சொல்லித்தான் குடித்தார்கள், அம்மன் ஊற்றியது என்றால் அவள் கையால் குடித்ததாக ஆகாது, ஆகாதென்றால் அரிவாளுக்குத் தடையும் இல்லை. எந்தச் சந்து வழியாக அவர்கள் குடிக்க வந்தார்களோ அதே சந்து வழியாக வெளியேயும் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே, பொழுது இறங்குவதற்கு முன்னால், பஸ் ஸ்டாண்டில் வைத்து சோலைமலை பூமிநாதனை வெட்டினார். கழுத்துக்கு வைத்த குறி, பூமிநாதன் கையைத் தூக்கியதால் இடது முன்கையில் இறங்கியது. அதே நொடியில் சோலைமலையின் இடது முன்கையும் அதே இடத்தில், அதே ஆழத்தில், அதே சாய்வில் பிளந்தது. பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவர்களின் கை பிளந்தது, கோயிலில் கற்பூரத் தட்டை ஏந்தியிருந்த பூசாரியின் கை பிளந்து தட்டு உருண்டது, தவில்காரரின் கை பிளந்து தவிலின் தோல் எல்லாம் ரத்தம் தெறித்தது, ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் கை பிளந்து ஜீப் கருவேலங்காட்டுக்குள் போய் நின்றது, தொட்டிலில் கிடந்த பிள்ளைகளின் பிஞ்சுக் கைகளில் அவரவர் அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது, காத்தமுத்து அரைத் தாடியோடு சலூன் நாற்காலியில் உட்கார்ந்தபடி தன் கையையும் சலூன்காரன் கையையும் மாறி மாறிப் பார்த்தான். கண்மாயின் இரண்டு கரைகளிலும் ஒரே சமயத்தில் ஒரே அலறல் எழுந்தது. அந்த இரண்டு கரைகளும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

நர்ஸம்மா தன் கையைப் பல்லால் துணி கடித்துக் கட்டிக்கொண்டு மற்றவர்களுக்குத் தையல் போட்டாள், நூல் தீர்ந்ததும் தையல்கடையிலிருந்து நூல் வந்தது. அன்றைக்கு ஊரில் கையில் வெட்டு விழாதவள் முனீஸ்வரி ஒருத்திதான், அந்த அண்டாவில் குடிக்காதவளும் அவள் ஒருத்திதான். அவள் வீடு வீடாகப் போய் மஞ்சள் வைத்துக் கட்டினாள், பழைய வேட்டிகளைக் கிழித்துக் கிழித்து அவள் விரல் கன்றிப் போனது. அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

வெட்டு, குத்து, அடி, விழுந்த காயம் இவை மட்டும்தான் எல்லோருக்கும் போகும், காய்ச்சலும் கிழட்டுச் சாவும் அவரவரோடு நிற்கும் என்று ஊர் சீக்கிரமே தெரிந்துகொண்டது. வாத்தியார் ஒரு பையனைப் பிரம்பால் அடிக்க, வயலில் நின்றவர்கள் எல்லாம் உள்ளங்கையை உதறினார்கள், மறுநாள் ஊரே போய்ப் பிரம்பை வாங்கி அடுப்பில் வைத்தது. ஒருவன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைந்தால் அத்தனை பேர் கன்னமும் வீங்கும், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கஞ்சியோடு எழுந்து "எவன்டா அவன், வெளிய வாடா" என்று தெருத்தெருவாகத் தேடுவார்கள். பிடித்தால் அவனை அடிக்கவும் முடியாது. எல்லோருமாகச் சுற்றி நின்று கண்டபடி திட்டிவிட்டு, அவன் பெண்டாட்டியிடம் "வலிக்குதா ஆத்தா" என்று கேட்பார்கள், அவள் "ஒங்களுக்கு வலிக்கிற அளவுதான்" என்பாள். சலூன்காரன் கத்தியை எடுத்தால் தெருவே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளை பெறுவதும் இந்தக் கணக்கில்தான் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தென்கரையில் ஒருத்திக்கு இடுப்பு வலி எடுத்தபோது ஏர் பிடித்தவர்களும் சீட்டு விளையாடியவர்களும் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள், பிள்ளை பிறந்ததும் வடகரை ஆம்பிளைகள் தட்டுத் தடுமாறி எழுந்துபோய், பெற்றவளின் வீட்டு வாசலில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை பூமிநாதனின் கதை. அவன் செத்தால் ஊர் சாகும். அதனால் ஊரிலேயே அவனை அதிகம் வெறுத்தவர்தான் அவனை அதிகம் காப்பாற்ற வேண்டியதாயிற்று. சோலைமலை அவன் பனையேறும்போது கீழே வைக்கோல் பரப்பச் சொன்னார், அவன் பைக்கை எடுத்தால் முன்னால் போய் நின்று "டேய், ஹெல்மெட்டப் போட்டுட்டுப் போடா" என்று தொண்டை கிழியக் கத்தினார், பாம்பு நடமாடும் காலத்தில் அவனுக்கு முன்னால் கம்பால் தட்டிக்கொண்டே நடந்தார். கத்திவிட்டு வீட்டுக்கு வந்து மகனின் போட்டோவுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். பெற்ற மகனை வெட்டியவனுக்குக் காவல் நிற்பதைப் போன்ற ஒரு கொடுமையை அந்த ஊர் அதற்கு முன்னால் யாருக்கும் செய்ததில்லை.

ஆனால் கோபம் எங்கே போகும்? வழி வழியாக அரிவாளில் ஏறி இறங்கிப் பழகிய கோபம், வாத்தியார் கையில் நின்றுபோன கோபம், பெண்டாட்டியை அடிக்க முடியாத கோபம், எல்லாம் உள்ளேயே கிடந்து புளித்தது. அது ஒரு நாள் வழி கண்டுபிடித்தது. குழாயடியில் தண்ணீர்க் குடம் மாறிப்போன சின்னத் தகராறில், பேச்சியம்மாள், அதுவரை ஒரு சொல்லும் பேசாதவள், கையை ஓங்கி முனீஸ்வரியைக் கன்னத்தில் அறைந்தாள். அறைந்துவிட்டு வழக்கம்போலத் தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். வலி வரவில்லை. குழாயடியில் நின்ற எல்லோரும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். முனீஸ்வரியின் கன்னம் மட்டும் சிவந்திருந்தது.

அன்றிலிருந்து மேட்டில் பெய்கிற மழை பள்ளத்துக்கு வருகிற மாதிரி, ஊரில் யாருக்கு யார் மேல் ஆத்திரம் வந்தாலும் அது முனீஸ்வரியிடம் வந்து சேர்ந்தது. வாத்தியார் தெருவில் போகிறபோது அவளை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போனார். பெண்டாட்டியோடு சண்டை போட்டவன் வந்து அவள் முதுகில் ஒரு குத்துக் குத்திவிட்டு, மனசு லேசாகி, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியோடு கொஞ்சினான். பிள்ளைகள் கல் எறிந்து பழகின. அவள் உதடு கிழிந்தது, ஒரு பல் போனது, இடது காது கேட்காமல் போனது. ஊரில் மற்ற யாருக்கும் ஒரு முள்கூடத் தைக்காத அந்த நாட்களில் அவள் உடம்பில் அடி விழாத இடம் இல்லை. இன்ஸ்பெக்டரிடம் போனாள். அவர் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார்.

"நீ சொல்றது புரியுதும்மா. ஆனா இந்த ஸ்டேஷன் எல்லையில கேஸே கெடையாது இப்ப. அதக் கெடுக்காத" என்று அனுப்பி வைத்தார்.

ஊரை இப்படிப் பிணைத்து வைத்திருக்கும் கட்டை அவிழ்க்க வழி கேட்டு சோலைமலை கோடாங்கியிடம் போனார். உடுக்கை அடித்துக் குறி சொல்லும் அந்தக் கோடாங்கியும் அன்று அண்டாவில் குடித்தவர்தான், தன் விரலை உடுக்கைக் கயிறு அறுத்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து அடித்துக் குறி சொன்னார்: ஊற்றிய கையின் மூச்சு நின்றால் கட்டு அவிழும். அது நிஜமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சோலைமலைக்கு அது போதும். ஊருக்கும் போதும் போலத்தான் இருந்தது, கூட்டம் போட்டார்கள், இரண்டு கரையும் ஒரே பந்தலில் உட்கார்ந்து, சோலைமலை முனீஸ்வரியை வெட்டுவதற்கு நாள் குறித்தது. கட்டு அவிழ்ந்தால் நாளைக்கு யார் யாரை வெட்டுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அப்படியும் எதிர்த்து ஒரு குரல் வரவில்லை. ஒருவர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"அவகூட யாராச்சும் இப்ப ஒரே பாத்திரத்துல குடிச்சுட்டா? அவளுக்கு விழுகுற வெட்டு அந்த ஆளுக்கு விழும். அந்த ஆளுக்கு விழுந்தா நமக்கும் விழுமேப்பா."

அதனால் முனீஸ்வரி கையால் யாரும் ஒரு சொட்டு வாங்கிக் குடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். பழைய வழக்கம் வேறு உருவத்தில் திரும்பி வந்தது, இந்தத் தடவை அது ஒருத்திக்கு எதிராக மட்டும்.

முனீஸ்வரி அண்ணனைத் தேடிப் போனாள். பூமிநாதன் வைக்கோல் மெத்தைக்கு நடுவில் ஒரு பனைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, ஒரே ஒரு வாய். கொண்டாந்திருக்கேன். என்னோட சேந்து ஒரு வாய் குடிச்சுருண்ணே. நான் செத்தா அடுத்து ஒன்னையத்தான வெட்டுவாக."

"வெட்டட்டும்" என்றான் பூமிநாதன். "சோலைமலை எனக்குக் குடை பிடிக்கிறான் முனீசு. சோறு தொண்டையில அடைச்சுச் செத்துப்புடுவேனோன்னு எதுக்க உக்காந்து பாக்குறான். இதுக்கு நான் ஆம்பளையா வெட்டுப்பட்டுச் சாவேன். நீ போ."

"அப்ப நான்?"

அவள் கொண்டுபோன செம்பை அவன் காலால் தள்ளிவிட்டான். டீ வைக்கோலில் இறங்கி மறைந்தது.

புருஷனிடம் கேட்டாள். காத்தமுத்து தம்ளரைக் கையில் வாங்கினான், உதடு வரை கொண்டுபோனான், அப்படியே திரும்ப வைத்துவிட்டான். "அண்ணனுக்குத் தெரிஞ்சா வெட்டிப்புடுவாரு" என்றான். அவர் அவனை வெட்ட முடியாது, வெட்டினால் அவருக்கே விழும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயம் என்று வந்துவிட்டால் அப்படித்தான், அதற்குக் காரணம் போன பிறகும் அது போகாது. முனீஸ்வரி அவனைத் திட்டவில்லை. யாரைக் காப்பாற்ற அந்த அண்டாவைத் தள்ளிக்கொண்டு போனாளோ அவர்கள் இரண்டு பேரும் அவளை விட்டுவிட்டார்கள் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது, புரிந்ததும் நெஞ்சில் ஒரு பெரிய களைப்பு வந்து உட்கார்ந்தது.

குறித்த நாளில், உச்சி வெயிலில், அவள் ஓடி ஒளியவில்லை. டீ போட்டாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கினாள், தூளைப் போட்டு மூடினாள், பிழியாமல் வடித்தாள், சூட்டிலேயே சர்க்கரையைக் கரைத்தாள், ஆறும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், டீக்கட்டிகளைப் போட்டாள். சாகப் போகிறவள் ஏன் ஒரு வேலையை அவசரப்படாமல் செய்கிறாள் என்று சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரே பாத்திரத்திலிருந்து இரண்டு தம்ளரில் ஊற்றினாள். ஒன்றைத் தான் குடித்தாள். இன்னொன்றை வாசல்படியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

சோலைமலை அரிவாளோடு வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு கரையும் வந்தது, கண்மாய்க்குள் ஆட்கள் நின்றார்கள், மரத்தின் மேல் ஆட்கள் இருந்தார்கள். காத்தமுத்து கதவுக்குப் பின்னால் நின்றான். வாசல்படியில் இருந்த தம்ளர் வேர்த்து, அதன் அடியில் ஈரம் வட்டமாகப் பரவியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரும் அருகில் வரவில்லை. அப்போது அடுத்த வீட்டிலிருந்து பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள், கூட்டம் வழிவிட்டது, செத்தவனின் தாய் கடைசியாக ஒரு அடி அடிக்க வருகிறாள் என்று நினைத்தார்கள். அவள் குனிந்து தம்ளரை எடுத்து, வாய் எடுக்காமல், ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"ஏ பேச்சி!" என்றார் சோலைமலை. "கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? இவ அண்ணன்தான்டி நம்ம மகனை வெட்டினவன்!"

"எனக்குத் தெரியாதா?" என்றாள் பேச்சியம்மாள். "யோவ், என் மகனை களத்துல வெட்டுனப்ப நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? மாவாட்டிக்கிட்டு இருந்தேன். அவனுக்கு இட்லி பிடிக்கும்னு. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொன்னா, நான் சிரிச்சேன். பத்து மாசம் சொமந்த வயிறுய்யா இது. எம்புள்ளை கழுத்துல அருவா எறங்குது, எனக்கு ஒரு சுருக்குனுகூட இல்ல. நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். ஆளு வந்து சொல்லித்தான் தெரியுது." அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "இந்தப் பாவிமக ஊத்துன டீக்கு அப்புறம்தான் இந்த ஊருல ஒருத்தனுக்கு வலிச்சா இன்னொருத்தனுக்குத் தெரியுது. அதை அவுக்கப் போறியளா? இன்னொருத்தி மாவாட்டிக்கிட்டு சிரிக்கணுமா? வெட்டு. எனக்கும் சேத்து வெட்டு."

பிறகு சோலைமலையின் முகம் கோணியது.

"அது அம்மன் எல்லையில ஊத்துனது" என்று கத்தினார். "இது அடுப்படியில ஊத்துனது. இதுல ஒண்ணும் கெடையாது! வெறும் சக்கரைத் தண்ணி!"

இப்படிச் சந்து கண்டுபிடிப்பதில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் அரிவாளை ஓங்கினார். முனீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். பேச்சியம்மாள் அவள் தலைமுடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். கழுத்துக்கு வந்த வெட்டு வலது தோளில் விழுந்து எலும்பில் போய் நின்றது.

பேச்சியம்மாளின் தோள் பிளந்தது. சோலைமலையின் தோள் பிளந்து அரிவாள் கையிலிருந்து நழுவியது, அவர் முட்டி போட்டு விழுந்தார். கதவுக்குப் பின்னால் காத்தமுத்து விழுந்தான். கண்மாய்க்குள் நின்றவர்கள் அறுத்த கதிர் மாதிரி வரிசையாகச் சாய்ந்தார்கள், மரத்தில் இருந்தவர்கள் கீழே விழுந்து அந்த அடியும் எல்லோருக்கும் சேர்ந்து விழுந்தது, பூமிநாதன் வைக்கோல் மேல் புரண்டு "யம்மா, யம்மா" என்று கத்தினான், ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேஜையில் கவிழ்ந்தார், வாத்தியார் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், கோடாங்கி உடுக்கையின் மேலேயே விழுந்தார். தொட்டில்களில் பிள்ளைகள் வீறிட்டன. வடகரை அலறியது, தென்கரை அலறியது, இரண்டு கரையின் வாசல்களிலும் ரத்தம் ஓடி அந்த வெடித்த மண்ணில் இறங்கியது.

பேச்சியம்மாள் ஒரு கையால் தரையில் தவழ்ந்து வந்தாள். தன் தோளை விட்டுவிட்டு முனீஸ்வரியின் தோளை முந்தானையால் அழுத்திப் பிடித்தாள்.

"வலிக்குதாடி?"

முனீஸ்வரிக்கு ஒரு காதுதான் கேட்கும். அந்த ஒரு காதால் அவள் கேட்டாள். அவளுடைய தோளுக்காக ஊரே கத்திக்கொண்டிருந்தது, அவளை அறைந்தவர்களும் கல் எறிந்தவர்களும் கைவிட்டவர்களும், ஒருவர் பாக்கியில்லாமல், அவளுக்கு எங்கே வலித்ததோ அங்கே கையை வைத்துக்கொண்டு கத்தினார்கள். சமாதானத்துக்காக அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அழாதவள், அத்தனை குரலோடும் தன் குரலைச் சேர்த்து, வாய்விட்டு, தொண்டை கிழிய அழுதாள்.